இரண்டு மாதிரிகளுக்கு ஒரே வரைபடம்: வெளியான கட்டுரையை ஆசிரியர் குழு என்ன செய்ய வேண்டும்?

வைகைக்கரை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். அறிவியல் கழகம் ஒன்று காலாண்டுக்கு ஒருமுறை வெளியிடும் சிறிய ஆய்விதழுக்கு மூன்று ஆண்டுகளாக மதிப்புறு ஆசிரியராக இருக்கிறேன். கல்லூரிப் பணி முடிந்த பிறகு, இரவில்தான் இதழ் வேலையைப் பார்க்க முடிகிறது. விசாரணை முடியாத நிலையில் பெயர்களைச் சொல்வது முறையன்று என்பதால் இதழின் பெயரையும் கட்டுரையாளர்களின் பெயர்களையும் தவிர்க்கிறேன்.

சென்ற மாதம் வாசகர் ஒருவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. இலைச்சாற்றைக் கொண்டு துத்தநாக ஆக்சைடு நுண்துகள்கள் தயாரிப்பது பற்றி இரண்டு ஆண்டுகளுக்கு முன் நாங்கள் வெளியிட்ட கட்டுரையில், இரு வேறு மாதிரிகளுக்கு உரியவை என்று தரப்பட்டுள்ள (பொருளின் படிக அமைப்பைக் காட்டும்) எக்ஸ் கதிர் விளிம்பு விளைவு, அதாவது எக்ஸ்.ஆர்.டி., வரைபடங்கள் உண்மையில் ஒரே அளவீடுதான் என்று அவர் எழுதியிருந்தார். முதலில் எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஒரே பொருளின் இரண்டு மாதிரிகளில் முகடுகள் ஒரே இடத்தில்தான் வரும், 31.8, 34.4, 36.3 பாகைகளில் மூன்று பெரிய முகடுகள் தெரிவது துத்தநாக ஆக்சைடின் இயல்பு. ஆனால் அவர் முகடுகளைப் பற்றிப் பேசவில்லை. ஏறக்குறைய 38 பாகைக்கும் 46 பாகைக்கும் இடையே முகடே இல்லாத ஒரு பகுதி உண்டு. அங்கே கோடு புல் முளைத்ததைப் போல மேலும் கீழும் நடுங்கிக்கொண்டிருக்கும். அது கருவியின் இரைச்சல். ஒரே மாதிரியை இரண்டு முறை அளந்தால்கூட அது அப்படியே திரும்ப வராது. அந்தப் பகுதியை நான்கு மடங்கு பெரிதாக்கி, ஒன்றின்மேல் ஒன்றை வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு பல்லும் பொருந்துகிறது. ஆனால் மூன்று முகடுகளின் உயரம் மட்டும் இரண்டாவது மாதிரியின் படத்தில் வேறாக இருக்கிறது.

ஆசிரியர் குழுவைக் கூட்டினேன். இணையதளத்திலிருந்து கட்டுரையைச் சத்தமில்லாமல் எடுத்துவிடலாம் என்றார் ஒருவர். சரியான படத்தைக் கேட்டு வாங்கித் திருத்தம் என்று போட்டுவிடலாம் என்றார் இன்னொருவர். வழக்கறிஞர் அறிவிப்பு வந்தால் கழகத்தின் கணக்கில் இருக்கும் பணம் போதாது என்று பொருளாளர் அஞ்சுகிறார். எங்களில் யாருக்கும் இதில் முன் அனுபவம் இல்லை. வழிகாட்டுங்கள்.

மெய்ப்புநோக்கி

ஐயா, ஆய்விதழ் அலுவலகங்களில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். முதல் யோசனையை, அதாவது சத்தமில்லாமல் எடுத்துவிடுவதை, தயவுசெய்து செய்யாதீர்கள். நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் ஒருமுறை அப்படித்தான் செய்தோம். பக்கத்தை நீக்கினோம், எவருக்கும் காரணம் சொல்லவில்லை, பிரச்சினை தீர்ந்தது என்றிருந்தோம். நான்கு ஆண்டுகள் கழித்து, அந்தக் கட்டுரையின் எண்களை அப்படியே எடுத்தாண்ட ஆய்வேடு ஒன்று என் மேசைக்கு வந்தது. அந்த மாணவர் எங்கள் தளத்தைப் பார்க்கவில்லை. யாரோ தரவிறக்கி வைத்திருந்த படியைப் பார்த்திருக்கிறார். அந்தக் கட்டுரையை நம்பக்கூடாது என்று அவருக்குச் சொல்லும் வரி உலகத்தில் எங்குமே இல்லை. அந்த வரியை எழுத வேண்டியவர்களாக இருந்தும் நாங்கள் எழுதாமல் விட்டோம். அது இன்றுவரை என்னை உறுத்துகிறது.

ஆய்விதழ் ஆசிரியர்கள் இப்படித் தனித்தனியாகத் திண்டாடிய நிலையில்தான், 1997இல் பிரிட்டனில் மருத்துவ இதழ் ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து வெளியீட்டு அறநெறிக் குழுவை உருவாக்கினார்கள். கோப் என்று சுருக்கமாகச் சொல்வோம். குற்றச்சாட்டின் வகைக்கேற்ப முதலில் என்ன, அடுத்து என்ன என்று படிப்படியாகச் சொல்லும் விளக்கப்படங்களை அது எவரும் பார்க்கும்படி வைத்திருக்கிறது. உறுப்பினராக இல்லாத இதழும் அவற்றைப் பின்பற்றலாம்.

அதன் சாரத்தை உங்கள் நிலைக்கு ஏற்பச் சொல்கிறேன். கட்டுரையில் கைவைக்கும் முன், முதலில் வந்த கையெழுத்துப்படி, வெளியிடும் முன் படித்துப் பார்த்த மதிப்பாய்வாளர்களின் கருத்துகள், திருத்தப்பட்ட படி, வாசகரின் கடிதம் எல்லாவற்றையும் தேதியோடு ஒரு கோப்பில் சேர்த்துவையுங்கள். பிறகு தொடர்புக்குரிய கட்டுரையாளருக்கு மட்டுமல்லாமல், பெயர் இருக்கும் எல்லாருக்கும் தனித்தனியாக எழுதுங்கள். 'மோசடி', 'போலி' போன்ற சொற்கள் அந்தக் கடிதத்தில் வரக்கூடாது. இன்ன படத்திலும் இன்ன படத்திலும் இன்ன பகுதி ஒத்திருக்கிறது, விளக்கமும் கருவி தந்த மூலத் தரவுக் கோப்புகளும் வேண்டும், இன்ன தேதிக்குள் வேண்டும் என்று மட்டும் எழுதுங்கள். அவர்கள் தரும் விளக்கம் நிறைவளிக்காவிட்டால் அவர்களுடைய நிறுவனத்துக்கு எழுதுங்கள். கட்டுரை நம்பத்தக்கதா என்று முடிவு செய்வது இதழின் பொறுப்பு. யார் செய்தார், ஏன் செய்தார், என்ன தண்டனை என்பது நிறுவனத்தின் பொறுப்பு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளும் ஆசிரியர் குழு ஒன்று காவல்துறையைப்போல நடந்துகொள்கிறது, இல்லாவிட்டால் அஞ்சி ஒன்றுமே செய்யாமல் இருந்துவிடுகிறது.

வாசகரின் பெயரை அவர் அனுமதியில்லாமல் கட்டுரையாளர்களிடம் சொல்லிவிடாதீர்கள்.

ஆய்வறைச் சாளரம்

நான் வேதியியலில் ஐந்தாம் ஆண்டு முனைவர் பட்ட மாணவி. இத்தகைய வரைபடங்கள் எப்படி உருவாகின்றன என்பதை உள்ளிருந்து சொன்னால் உதவியாக இருக்கும் என்று நினைக்கிறேன். எங்கள் துறையில் எக்ஸ்.ஆர்.டி. கருவி கிடையாது. மாதிரியைச் சிறு குப்பிகளில் போட்டு, எண் ஒட்டி, வேறொரு நிறுவனத்தின் கருவி மையத்துக்கு அனுப்புவோம். ஒரு மாதிரிக்கு இவ்வளவு என்று கட்டணம் கட்ட வேண்டும். பெரும்பாலும் உதவித்தொகையிலிருந்து நாங்களே கட்டுவோம். சில நாள்களில் கோண மதிப்பும் எண்ணிக்கையும் இரண்டு நிரலாக உள்ள உரைக்கோப்பு மின்னஞ்சலில் வரும். அதை ஆரிஜின் மென்பொருளில் போட்டு வரைபடமாக்குவோம். 'எஸ்1', 'எஸ்2', 'எஸ்2 புதியது', 'எஸ்2 இறுதி' என்று கோப்புகள் பெருகிக் கிடக்கும்போது, ஒன்றையே இரண்டு முறை போட்டுவிடுவது உண்மையாகவே நடக்கக்கூடிய பிழைதான். எனக்கே ஒருமுறை நடந்திருக்கிறது; தோழி பார்த்துச் சொன்னாள்.

ஆனால் நீங்கள் சொல்வது அந்த வகை அல்ல, ஐயா. தவறுதலாக ஒரே கோப்பைப் போட்டிருந்தால் முகடுகளின் உயரமும் ஒன்றாகவே இருந்திருக்கும். இரைச்சல் ஒன்றாக இருந்து முகடு மட்டும் மாறியிருந்தால், அந்த நிரலில் சில வரிகளை மட்டும் யாரோ ஓர் எண்ணால் பெருக்கியிருக்கிறார்கள் என்றே நினைக்கத் தோன்றுகிறது. மூலக் கோப்பு வந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. முதல் பெயரில் இருப்பவர் மாணவராக இருந்தால், அவருடைய தனிப்பட்ட மின்னஞ்சலுக்கும் எழுதுங்கள். நெறியாளர் வழியாக மட்டும் எழுதினால் அவருடைய பதில் உங்களுக்கு வந்துசேராமலேயே போகலாம். 2022இல் பல்கலைக்கழக மானியக் குழு விதிகளை மாற்றும்வரை, ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியாகியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இருந்தது. விதி போனாலும் வழக்கம் பல இடங்களில் போகவில்லை. 'படம் வரவில்லை என்றால் கட்டுரை இல்லை, கட்டுரை இல்லை என்றால் வைவா (வாய்மொழித் தேர்வு) இல்லை' என்ற நெருக்கடியில் இருபத்தாறு வயதுப் பிள்ளைகள் என்ன செய்ய வைக்கப்படுகிறார்கள் என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

ஏட்டுச்சுவடி

பல்கலைக்கழக நூலகத்தில் பணியாற்றுகிறேன். மாணவி சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். நம் நாட்டில் ஆய்வு நேர்மை என்றாலே ஒப்புமை விழுக்காடு, அதாவது பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்ற கணக்கு, என்றாகிவிட்டது. மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகள் ஒப்புமையை 10 விழுக்காடு வரை, 10 முதல் 40 வரை, 40 முதல் 60 வரை, 60க்கு மேல் என்று நான்கு நிலைகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் நடவடிக்கை சொல்கின்றன. அவை கருத்துத் திருட்டுக்காக எழுதப்பட்டவை. 2019இல் அரசின் ஷோத்சுத்தி திட்டத்தின் வழியாக ஒப்புமை பார்க்கும் மென்பொருளும் பல்கலைக்கழகங்களுக்கு இலவசமாகக் கிடைத்தது. அது நல்ல வேலைதான். ஆனால் வரைபடத்தில் கைவைத்தவரையும், இல்லாத அளவீட்டைக் கற்பனையாக எழுதியவரையும் அந்த மென்பொருள் பிடிக்காது. கற்பனை சொந்தமாக இருந்தால் ஒப்புமை சுழியம் என்றே வரும். அந்தச் சான்றிதழை ஆய்வேட்டின் முதல் பக்கங்களில் வைத்துத் தைத்துவிட்டு, நேர்மை உறுதிசெய்யப்பட்டதாக எண்ணிக்கொள்கிறோம். வாரம் பத்துச் சான்றிதழ்களுக்காவது நான் கையெழுத்திடுகிறேன். ஒவ்வொரு முறையும் இது நினைவுக்கு வருகிறது.

ஓய்வுபெற்ற பேராசிரியர்

மேலே எழுதியவர்கள் எல்லாரும் முறையைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் மனிதர்களைப் பற்றிப் பேச விரும்புகிறேன். கட்டுரை திரும்பப் பெறப்பட்டது, அதாவது இனி நம்பத்தக்கதன்று, என்ற அறிவிப்பு ஒருவர் பெயரோடு இணையத்தில் ஏறிவிட்டால், அவர் வாழ்நாள் முழுவதும் அது இறங்காது. நேர்மையான பிழைக்கும் அதே சொல், திட்டமிட்ட ஏமாற்றுக்கும் அதே சொல். உயிரியல் படங்களைக் கண்ணால் ஒப்பிட்டுப் பார்ப்பதில் பெயர்பெற்ற எலிசபெத் பிக், மேலும் இருவரோடு சேர்ந்து 40 இதழ்களின் 20,621 கட்டுரைகளை ஆராய்ந்து 2016இல் வெளியிட்ட முடிவின்படி, 3.8 விழுக்காட்டுக் கட்டுரைகளில் படங்கள் சிக்கலானவையாக இருந்தன. அவற்றுள் குறைந்தது பாதியில் வேண்டுமென்றே செய்ததற்கான அடையாளம் தெரிந்தது என்றார்கள். அப்படியானால் மீதியில் ஒரு பகுதியாவது கவனக்குறைவாக இருக்கலாம் அல்லவா? அந்தப் பிள்ளைகளின் பெயரையும் இதே பட்டியலில் சேர்ப்பது நியாயமா? கட்டுரையாளரே முன்வந்து திரும்பப் பெற்றுக்கொள்ள ஒரு வாய்ப்புக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன். சிறிய இதழ்கள் இப்படிப்பட்ட ஒரே சர்ச்சையில் மூடப்பட்டுவிடும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கற்பாறை

பேராசிரியர் ஐயாவின் இரக்கத்தை மதிக்கிறேன். கட்டுரையாளர்களே முன்வந்து திரும்பப் பெறுவது நல்ல வழிதான். ஆனால் அப்போதும் காரணம் எழுதப்பட வேண்டும். இந்திய நிலவியலில் நடந்ததைச் சொன்னால் நான் ஏன் இதை வற்புறுத்துகிறேன் என்பது விளங்கும். பஞ்சாப் பல்கலைக்கழகத்தின் வி.ஜே. குப்தா இமயமலைப் புதைபடிவங்களைப் பற்றிக் கால் நூற்றாண்டு காலம் நூற்றுக்கணக்கில் கட்டுரைகள் எழுதினார். ஆஸ்திரேலியாவின் மக்வாரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் டேலண்ட், அவற்றில் பல இமயத்திலிருந்தே வந்திருக்க முடியாது என்று 1989இல் நேச்சர் இதழில் எழுதினார். மொராக்கோவில் கிடைக்கும் புதைபடிவங்களைப் போன்றவையும், நியூயார்க் மாநிலத்து ஓடைக்கரை ஒன்றில் கிடைக்கும் நுண்படிவங்களைப் போன்றவையும் இமயமலைக்கு உரியவையாகக் காட்டப்பட்டிருந்தன. பல நாட்டு வல்லுநர்கள், தங்களுக்கு அனுப்பப்பட்ட மாதிரியை நம்பி இனங்கண்டு சொன்ன காரணத்தால், இடம் பொய் என்று தெரியாமலேயே இணையாசிரியர்களாகியிருந்தார்கள். குப்தா 2002இல் ஓய்வு பெறும்வரை பல்கலைக்கழகப் பணியில் நீடித்தார்.

மனிதருக்கு என்ன தண்டனை என்பதை விடுங்கள். பாறை அடுக்குகளின் வயதைப் புதைபடிவத்தை வைத்துத்தான் கணக்கிடுகிறோம். ஓர் இடத்தில் பொய்ப் படிவம் புகுந்தால் அந்த அடுக்கின் வயது பிழையாகிறது, அதை ஒட்டி வரையப்பட்ட நிலவியல் படமும் பிழையாகிறது. இமயமலையில் வேலை செய்யும் இளைஞர் ஒருவர் பழைய கட்டுரையை எடுக்கும்போது எதை நம்பலாம், எதை விட வேண்டும் என்று அந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே அவருக்குத் தெரிய வேண்டும். வைகைக்கரை ஐயா, உங்கள் கட்டுரை ஒரு சிறிய நுண்துகள் கட்டுரைதான். ஆனாலும் அதை நம்பிக் குப்பியைக் கையில் எடுக்கும் ஒரு மாணவர் எங்கோ இருப்பார்.

பொதுநல மருத்துவம்

மருத்துவத்தில் தாமதத்தின் விலை இன்னும் கொடியது. தட்டம்மை, புட்டாளம்மை, ருபெல்லாவுக்கான கூட்டுத் தடுப்பூசியை ஆட்டிசத்தோடு தொடர்புபடுத்தி ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் மற்றவர்களும் எழுதிய கட்டுரையை 1998 பிப்ரவரியில் லான்செட் என்ற பிரிட்டன் மருத்துவ இதழ் வெளியிட்டது. அதில் இருந்தவர்கள் 12 குழந்தைகள் மட்டுமே. பத்திரிகையாளர் பிரையன் டீர் 2004இல் வெளியே கொண்டுவந்த செய்திகளுக்குப் பின், இணையாசிரியர்களில் 10 பேர் அந்த விளக்கத்தைக் கைவிட்டார்கள். ஆனால் கட்டுரை முழுமையாகத் திரும்பப் பெறப்பட்டது 2010 பிப்ரவரியில்தான். இடையில் பன்னிரண்டு ஆண்டுகள். இங்கிலாந்தில் அந்தத் தடுப்பூசி போட்டுக்கொண்ட குழந்தைகளின் அளவு ஒரு கட்டத்தில் 80 விழுக்காட்டளவுக்கு இறங்கியது. அந்தக் கட்டுரையின் எதிரொலியை இன்றும் எங்கள் புறநோயாளர் அறையில் கேட்கிறேன். சென்ற வாரம்கூடக் கையில் குழந்தையோடு வந்த ஒரு தாய், 'இந்த ஊசி போட்டால் பிள்ளைக்குப் பேச்சு வராது என்கிறார்களே' என்று கேட்டார்.

இதே லான்செட் 2020 மே 22 அன்று, 671 மருத்துவமனைகளின் 96,032 கொரோனா நோயாளர் பதிவுகளைக் கொண்டு செய்ததாகச் சொல்லப்பட்ட ஹைட்ராக்சி குளோரோகுயின் மருந்து ஆய்வை வெளியிட்டது. தரவைக் கொடுத்தது சர்ஜிஸ்பியர் என்ற நிறுவனம். நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வாளர்கள் தரவைக் காட்டச் சொல்லிப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். நிறுவனம் மூலத் தரவைத் தர மறுத்ததால், நான்கு கட்டுரையாளர்களில் மூவர் அதை ஜூன் 4 அன்று திரும்பப் பெற்றார்கள். பதின்மூன்று நாள்தான். அங்கே எவரும் மோசடியை நிரூபிக்கும்வரை காத்திருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். தரவு காட்டப்படவில்லை, ஆகவே முடிவுக்கு உறுதி சொல்ல முடியாது என்பதே போதுமான காரணமாக இருந்தது.

சராசரி

புள்ளியியல் கற்பிப்பவள் நான். வைகைக்கரை ஐயாவிடம் ஒரு கேள்வி: அந்தக் கட்டுரையை மதிப்பாய்வு செய்தவர்கள் யார்? கட்டுரையாளர் பரிந்துரைத்தவர்களா?

ஏன் கேட்கிறேன் என்றால், டியூமர் பயாலஜி இதழின் 107 கட்டுரைகளை ஸ்ப்ரிங்கர் பதிப்பகம் 2017இல் ஒரே நேரத்தில் திரும்பப் பெற்றபோது காரணம் இதுதான்: மதிப்பாய்வாளர் பெயரில் போலி மின்னஞ்சல் முகவரிகள். ஹிந்தாவி பதிப்பகத்தை வைலி நிறுவனம் 2021இல் 298 மில்லியன் டாலருக்கு வாங்கிய பின், சிறப்பிதழ்களின் மதிப்பாய்வு முறை சீர்குலைக்கப்பட்டிருந்தது தெரியவந்து, 2023இல் மட்டும் 8,000க்கு மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. அந்தப் பெயரே கைவிடப்பட்டது. அவற்றில் பல, கட்டுரை ஆலைகள் எழுதி விற்ற கட்டுரைகளாக ஐயுறப்பட்டவை. ஒப்புமை மென்பொருளை ஏமாற்றுவதற்காக இவர்கள் சொற்களை இயந்திரத்தால் மாற்றுவதும் உண்டு. மார்பகப் புற்றுநோய் என்று வர வேண்டிய இடத்தில் 'நெஞ்சின் ஆபத்து' என்ற பொருள் தரும் ஆங்கிலத் தொடரும், செயற்கை நுண்ணறிவு என்று வர வேண்டிய இடத்தில் 'போலி உணர்வுநிலை' என்ற பொருள் தரும் தொடரும் அச்சேறியிருந்ததை கணினி அறிவியலாளர் கியோம் கபனாக்கும் அவருடைய தோழர்களும் 2021இல் எடுத்துக்காட்டினார்கள். மதிப்பாய்வாளர் ஒரு பத்தியையாவது படித்திருந்தால் இவை தப்பியிருக்க முடியாது.

வைகைக்கரை

சராசரி அம்மையார் கேட்ட பிறகுதான் பழைய கோப்பைத் திறந்தேன். இரண்டு மதிப்பாய்வாளர்களும் தொடர்புக்குரிய கட்டுரையாளர் பரிந்துரைத்தவர்கள். இரண்டு முகவரிகளும் யாரும் உருவாக்கிக்கொள்ளக்கூடிய இலவச மின்னஞ்சல் முகவரிகள்; நிறுவன முகவரிகள் அல்ல. இரண்டு கருத்துரைகளும் ஒரே நாள் மாலையில், ஏறக்குறைய ஒரே சொற்களில் வந்திருக்கின்றன. 'கட்டுரை மிகச் சிறப்பாக எழுதப்பட்டுள்ளது, சிறு இலக்கணத் திருத்தங்களுடன் வெளியிடலாம்' என்ற வாக்கியம் இரண்டிலும் இருக்கிறது. அந்த இதழை அச்சுக்கு அனுப்பியவன் நான்தான். ஒரு கட்டுரை குறைகிறது என்ற அவசரத்தில் நான் சரிபார்க்கவில்லை. கட்டுரையாளரிடம் விளக்கம் கேட்கும் முன் இதை ஒப்புக்கொள்ள வேண்டியது என் கடமை என்று நினைக்கிறேன்.

மெய்ப்புநோக்கி ஐயா சொன்னபடி ஐந்து கட்டுரையாளர்களுக்கும் தனித்தனியாகக் கடிதம் சென்றுவிட்டது. முப்பது நாள் அவகாசம் கொடுத்திருக்கிறேன்.

வைகைக்கரை (ஏழு வாரங்களுக்குப் பிறகு)

நடந்ததைச் சொல்கிறேன். நெறியாளர் எழுதிய பதிலில், மாணவர் பட்டம் பெற்றுச் சென்றுவிட்டார், கணினியின் வன்தட்டு பழுதாகிவிட்டது, முடிவுகள் சரியானவையே, புதிய படம் அனுப்புகிறேன் என்று இருந்தது. புதிய படமும் வந்தது. மூலக் கோப்பு வரவில்லை. இணையாசிரியர்களில் இருவர், தங்கள் பெயரில் இப்படி ஒரு கட்டுரை இருப்பதே எங்கள் கடிதத்தைப் பார்த்த பிறகுதான் தெரியும் என்று எழுதினார்கள். இன்னொருவர் பதிலே தரவில்லை.

முதல் கட்டுரையாளரான அந்த மாணவர் இப்போது ஒரு பள்ளியில் பாடம் நடத்துகிறார். தம்முடைய பழைய மின்னஞ்சலைத் தேடி, கருவி மையம் அனுப்பிய முதல் மாதிரியின் கோப்பை அப்படியே அனுப்பினார். அதை வரைந்து பார்த்தேன். அந்த மாதிரிக்கான படத்தோடு (கட்டுரையில் அது இரண்டாம் படம்) பொருந்துகிறது. இரண்டாம் மாதிரியைப் பற்றி அவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அதன் உள்ளடக்கத்தை இங்கே சொல்ல மாட்டேன். ஒரே ஒரு வரியை மட்டும், அவர் அனுமதியோடு: 'ஐயா, இந்தக் கேள்வியை யாராவது கேட்பார்கள் என்று இரண்டு ஆண்டுகளாகக் காத்திருந்தேன்.'

நிறுவனத்துக்கு எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லை. அங்கே ஆய்வு நேர்மைக் குழுவின் பொறுப்பில் இருப்பவரும் இதே கட்டுரையின் இணையாசிரியர்களுள் ஒருவர் என்பது இப்போதுதான் தெரிந்தது. இனி யாரிடம் போவது?

மெய்ப்புநோக்கி

துணைவேந்தருக்கோ பதிவாளருக்கோ நேரடியாக ஒரு கடிதம் எழுதுங்கள்; அந்த முரண்பாட்டைக் குறிப்பிட்டே எழுதுங்கள். அதற்கு மேல் நம் நாட்டில் உங்களுக்குப் படி இல்லை என்பது வருத்தமான உண்மை. ஸ்வீடனில் அறுவை மருத்துவர் பாவ்லோ மக்கியாரினி விவகாரத்தில், செயற்கை மூச்சுக்குழாய் பொருத்தப்பட்ட நோயாளிகள் இறந்துபோனதை எடுத்துச் சொன்ன மருத்துவர்களின் குரலை கரோலின்ஸ்கா நிறுவனம் முதலில் ஏற்கவில்லை. நிறுவனம் தன்னைத் தானே விசாரிப்பதில் உள்ள குறை அங்கே வெட்டவெளிச்சமானது. பின்னர் தனிச் சட்டம் இயற்றி, 2020 ஜனவரி முதல் ஆய்வு முறைகேடுகளை விசாரிக்கத் தேசிய அளவில் ஒரு வாரியத்தையே அமைத்தார்கள். அப்படியிருந்தும் மக்கியாரினி 2008இல் லான்செட்டில் வெளியிட்ட மூச்சுக்குழாய்க் கட்டுரை 2023இல்தான் திரும்பப் பெறப்பட்டது. இங்கே 1986இல் அறிவியலாளர்கள் சிலர் சேர்ந்து அறிவியல் விழுமியங்களுக்கான சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். அது பல புகார்களை ஆராய்ந்தது. ஆனால் யாரையும் பதில் சொல்ல வைக்கும் அதிகாரம் அதற்குக் கிடையாது. அத்தகைய அதிகாரம் கொண்ட ஒரு தேசிய அமைப்பு நமக்கு வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

ஆனால் நீங்கள் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. நிறுவனம் விசாரிக்க மறுத்தாலோ தாமதித்தாலோ, முடிவு வரும்வரை கட்டுரையின்மேல் ஐயப்பாட்டு அறிவிப்பு ஒன்றை வெளியிடலாம். உங்கள் விஷயத்தில் அதையும் தாண்டிவிட்டீர்கள். ஒத்திருக்கும் படம் கண்முன் இருக்கிறது, மூலக் கோப்பு இல்லை, இரண்டு பேர் தங்கள் பெயரையே மறுக்கிறார்கள், மதிப்பாய்வும் நம்பகமானது அல்ல. புதிதாக வந்த படத்தை வாங்கித் திருத்தம் போடாதீர்கள். மூலத் தரவு இல்லாத படம் பழையதைவிட மேலானது அன்று.

நீதிமன்ற வளாகம்

வழக்கறிஞர் என்ற முறையில் பொருளாளரின் அச்சத்துக்குச் சுருக்கமாகப் பதில் சொல்கிறேன். அவதூறு இப்போது, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவில் வருகிறது. பொதுநலன் கருதி உண்மையை வெளியிடுவது, நல்லெண்ணத்தோடு கருத்துச் சொல்வது போன்ற விதிவிலக்குகள் பழைய சட்டத்தில் இருந்ததைப் போலவே இதிலும் உள்ளன. அறிவிப்பில் நீங்கள் கண்டதையும் கேட்டதையும் பெற்றதையும் பெறாததையும் மட்டும் எழுதுங்கள். எவருடைய நோக்கத்தைப் பற்றியும் எழுதாதீர்கள். இது பொதுவான கருத்துதான். வெளியிடும் முன் வரைவை உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.

ஏட்டுச்சுவடி

செய்முறை பற்றி ஒரு சொல். கட்டுரையின் பக்கத்தை நீக்காதீர்கள், கட்டுரையின் நிரந்தர அடையாளமான டி.ஓ.ஐ. எண் அப்படியே இருக்கட்டும். தலைப்பின் முன்னால் 'திரும்பப் பெறப்பட்டது' என்று சேர்த்து, பி.டி.எஃப். கோப்பின் ஒவ்வொரு பக்கத்திலும் குறுக்கே அதே சொல்லைப் பதியுங்கள். அறிவிப்புக்குத் தனி எண் கொடுத்து, இரண்டையும் ஒன்றோடொன்று இணைத்து, அந்த எண்களைப் பதிவு செய்யும் கிராஸ்ரெஃப் அமைப்பின் பதிவிலும் புதுப்பியுங்கள். அறிவிப்பைக் கட்டணமின்றி எவரும் படிக்கும்படி வையுங்கள். திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளைக் கண்காணிக்க 2010இல் தொடங்கப்பட்ட ரிட்ராக்ஷன் வாட்ச் திரட்டிய தரவுத்தளத்தை 2023இல் கிராஸ்ரெஃப் வாங்கித் திறந்துவிட்டது. ஸோட்டெரோ போன்ற மேற்கோள் மென்பொருள்கள் அந்தத் தரவைக் கொண்டுதான், மாணவர் தம் பட்டியலில் அப்படிப்பட்ட கட்டுரையை வைத்திருந்தால் சிவப்புப் பட்டையில் எச்சரிக்கின்றன. மெய்ப்புநோக்கி ஐயா சொன்ன அந்த எழுதப்படாத வரி, இப்படித்தான் உரிய மாணவரிடம் போய்ச் சேரும்.

ஓய்வுபெற்ற பேராசிரியர்

என் முந்தைய பதிவில் ஒரு பகுதியை மாற்றிக்கொள்கிறேன். மாணவரின் அந்த ஒற்றை வரியைப் படித்த பிறகு, மௌனத்தால் நான் யாரைக் காப்பாற்ற நினைத்தேன் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். மாணவரை அல்ல. ஒன்று மட்டும் கேட்கிறேன்: மூலக் கோப்பை அனுப்பியவர் அவர் ஒருவர்தான் என்பது அறிவிப்பில் இருக்கட்டும்.

வைகைக்கரை

ஐயா, அதை ஆசிரியர் குழுவும் ஏற்றுக்கொண்டது. அறிவிப்பு நேற்று வெளியானது. இதே நிலையில் மாட்டிக்கொள்ளும் இன்னொரு சிறிய இதழுக்கு உதவலாம் என்பதால், அடையாளங்களை நீக்கிவிட்டு இங்கே தருகிறேன்.

'இக்கட்டுரையின் இரண்டாம் படமும் நான்காம் படமும் வெவ்வேறு மாதிரிகளுக்கு உரியவையாகத் தரப்பட்டுள்ளன. 38 முதல் 46 பாகை வரையிலான பகுதியில் இரண்டின் பின்னணி இரைச்சலும் முழுமையாக ஒத்திருப்பதை வாசகர் ஒருவர் சுட்டிக்காட்டினார். ஆசிரியர் குழு அதைச் சரிபார்த்தது. எல்லாக் கட்டுரையாளர்களிடமும் மூலத் தரவு கேட்கப்பட்டது. முதல் கட்டுரையாளர் இரண்டாம் படத்துக்குரிய மூலக் கோப்பை அளித்தார். நான்காம் படத்துக்குரிய மூலக் கோப்பு எவரிடமிருந்தும் கிடைக்கவில்லை. இரண்டு கட்டுரையாளர்கள், தங்கள் ஒப்புதலின்றித் தங்கள் பெயர் சேர்க்கப்பட்டதாகத் தெரிவித்தனர். கட்டுரைக்குக் கிடைத்த இரு மதிப்பாய்வுகளும் அடையாளம் சரிபார்க்கப்படாத முகவரிகளிலிருந்து வந்தவை. அவற்றைச் சரிபார்க்கத் தவறியது ஆசிரியர் குழுவின் பிழை. கட்டுரையின் முடிவுகளை நம்பத்தக்கவையாகக் கொள்ள இயலாததால் ஆசிரியர் குழு இதைத் திரும்பப் பெறுகிறது. முதல் கட்டுரையாளரும் மேற்சொன்ன இருவரும் இம்முடிவை ஏற்றனர். தொடர்புக்குரிய கட்டுரையாளர் ஏற்கவில்லை. மற்றவரிடமிருந்து பதில் வரவில்லை.'

வெளியிடும் முன் முதல் கட்டுரையாளருக்கு வரைவை அனுப்பியிருந்தேன். ஒரு சொல்லையும் மாற்றச் சொல்லவில்லை. அவருடைய நீண்ட கடிதத்தை அவர் ஒப்புதலோடு, மூடிய உறையில் பதிவாளருக்கு அனுப்பியிருக்கிறோம். ஒப்புகை அட்டை வந்துவிட்டது.

இனிமேல் கட்டுரையாளர் பரிந்துரைக்கும் மதிப்பாய்வாளருக்கு நிறுவன முகவரி இல்லாவிட்டால் அனுப்புவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். பழைய பதிவுகளையும் தேடினேன். அதே இரண்டு முகவரிகளிலிருந்து மதிப்பாய்வு பெற்ற கட்டுரைகள் இன்னும் நான்கு இருக்கின்றன. நான்கும் நான் பொறுப்பேற்ற பிறகு வெளியானவை. மூலத் தரவு கேட்டு எல்லாக் கட்டுரையாளர்களுக்கும் முதல் கடிதம் திங்கட்கிழமை சென்றது.